புதுச் சதை

நாகப்பட்டினம்
விரோதி வருடம், ஆடி மாதம் 20

தங்கை வேலம்மாவுக்கு அண்ணன் கங்காதரன் ஆசி கூறி எழுதுவது. நானும் உன் அண்ணியும் பிள்ளைகளும் இங்கே குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குணசுந்தரியும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல் மனம் அங்கேயே கிடக்கிறது.

பழவேற்காட்டுக் கோட்டையை விட்டு இங்கே மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இங்கேயும் கிடங்குத் துபாசி வேலைதான். ஆனால் நம் ஊர்க் கோட்டையைத் தூக்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம், அவ்வளவு பெரிய கிடங்கு. துணி பார்க்க வருகிற ஒல்லாந்துத் துரைமார் நான்கு பேர். நான்கு பேருக்கும் நான்தான் வாய். குப்பத்திலிருந்து படகில் மூட்டை ஏற்ற வந்து, கேட்டுக் கேட்டே பாஷை படித்தவன் என்று சொன்னால் இங்கே ஒருவரும் நம்புவதில்லை.

மாப்பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது? எட்டு வருடத்துக்கு முன் படகுக்குப் பூசக் காய்ச்சிய குங்கிலியம் கொட்டி, அன்று முதல் ஆறுவதும் வெடிப்பதுமாக இருந்த தழும்பு. வைகாசியில் கோட்டை வைத்தியர் பார்த்த பிறகாவது புதுச் சதை வந்து மூடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரு விஷயம். திரும்பவும் பார்க்க வேண்டும் என்று வைத்தியர் ஆள் அனுப்பினால் ஓடிப் போக வேண்டியதில்லை. எதையும் இரண்டு முறை பார்ப்பது அவர்கள் வழக்கம். மாப்பிள்ளை கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகிற சலங்குப் படகை நடத்துகிற தண்டல். அவர் கரையில் நின்றுவிட்டால் துடுப்புப் போடுகிற பன்னிரண்டு பேரும் நிற்க வேண்டும். வேலையைப் பார்க்கச் சொல்.

அன்புள்ள அண்ணன்
கங்காதரன்

*

கோட்டைக்குப்பம்
ஆவணி மாதம் 14

அண்ணன் கங்காதரன் அவர்களுக்குத் தங்கை வேலம்மா வணக்கம் சொல்லி, பழவேற்காட்டுக் கடைத்தெருக் கண்ணப்பன் கையால் எழுதுவித்தது. தங்கள் கடுதாசி வந்தது. அண்ணியும் பிள்ளைகளும் சுகம் என்று கேட்டுச் சந்தோஷம். குணசுந்தரி சுகம். நான் சுகம். அவர் சுகமில்லை.

வைகாசியில் கோட்டை ஆஸ்பத்திரித் துபாசி தனக்கோடி காய்ச்சலில் படுத்திருந்ததால் தாங்கள் வந்து நின்று கேட்டுச் சொன்னீர்கள். “பயப்படாதே வேலம்மா, புதுச் சதை நல்லா வெளையுதுன்னு வைத்தியர் சொல்றாரு, தானா மூடிக்கும்”னு சொன்னீர்கள். அந்தச் சந்தோஷத்தில் அங்காளம்மனுக்குச் சேவல் அறுத்தோம். அதற்கு முன்பு நம் குப்பத்து அங்கமுத்து வைத்தியர் பார்த்துவிட்டு, “இது ஆறுற புண்ணு இல்ல, புத்து வெச்சிருக்குது”னு சொல்லியிருந்தார். கோட்டையிலிருந்து திரும்பி வந்ததும் இவர் அவரைத் தெருவில் நிறுத்தி, “கோட்டை வைத்தியருக்குத் தெரியாதது உனக்கு இன்னா தெரியும்?”னு கேட்டுவிட்டார். அங்கமுத்து அதன் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

தாங்கள் சொன்னபடி சதை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சேவல் கொண்டை மாதிரி ஓரம் மடிந்து மடிந்து வளர்கிறது. தொட்டால் ரத்தம். துணி மாற்றும்போது வீட்டுக்குள் நாற்றத்தில் நிற்க முடியவில்லை. கொண்டை இப்போது என் உள்ளங்கையை விடப் பெரிது. மூடவில்லை.

வைத்தியர் அன்று சொன்னது என்ன என்று ஒரு சொல் விடாமல் எழுதவும். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் தங்கை
வேலம்மா

*

நாகப்பட்டினம்
ஆவணி மாதம் 30

தங்கை வேலம்மாவுக்குக் கங்காதரன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே மாப்பிள்ளைக்குச் சுகமில்லை என்று அறிந்து வருந்துகிறேன்.

சதை வளர்கிறபோது கொஞ்சம் கூடக்குறைய வளரும். ரத்தம் இருந்தால்தானே சதை. நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அங்கமுத்து முன்னே வைத்துக் கட்டிய பச்சிலைதான் இன்னும் உள்ளே நின்று வேலை செய்கிறது என்று தோன்றுகிறது. தேனைத் தடவி, மெல்லிய துணியால் கட்டிவை. உப்புத் தண்ணீர் படக்கூடாது.

வைத்தியர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதச் சொல்கிறாய். ஒல்லாந்துச் சொல்லை உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? கண்ணப்பனுக்கே வாசிக்க வராது. நான் சொன்னது போதாதா? பதினைந்து வருடமாக இந்தக் கோட்டைகளில் என் வாயை நம்பித்தான் கப்பல் ஏறுகிறது, இறங்குகிறது. யாரும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.

வேலை அதிகம். இதற்கு மேல் எழுத நேரமில்லை.

கங்காதரன்

*

கோட்டைக்குப்பம்
புரட்டாசி மாதம் 22

கங்காதரன் அண்ணனுக்கு வேலம்மா எழுதுவித்தது. நீ சுகமாக இருப்பாய். உனக்கு என்ன குறை. கண்ணப்பன் வழக்கம்போலத் ‘தாங்கள்’ என்று எழுதப் போனார். வேண்டாம், நான் பேசுகிறபடியே எழுதும் என்று சொல்லிவிட்டேன்.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்று. அங்கமுத்து கட்டிய இலை ஐந்து மாதத்துக்கு முன்னாலேயே கழன்று விழுந்துவிட்டது. தேன் தடவினோம். எறும்பு வந்தது.

இப்போது அன்று நடந்ததை நான் சொல்கிறேன், கேள். இவரைப் பலகை மேல் உட்காரவைத்தார்கள். வைத்தியர் புண்ணை முகர்ந்து பார்த்தார். சதையை ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தார். பிறகு முழங்காலுக்கு மேலே தொடையில் விரலால் குறுக்கே ஒரு கோடு போட்டார். உன் முகத்தைப் பார்த்து ஏதோ சொன்னார். நீ தலையாட்டினாய். மறுபடியும் அதே இடத்தில் கோடு போட்டார். ஒரே சொல்லை மூன்று தரம் சொன்னார். ‘கெவாஸ்’ என்று என் காதில் விழுந்தது. மூன்றாம் தரம் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. புதுச் சதை வந்து மூடப்போகிற காலுக்கு முழங்காலுக்கு மேலே எதற்குக் கோடு?

இவர் நாலு நாளாகச் சலங்குக்குப் போகவில்லை. துடுப்பை ஊன்றி நிற்க அந்தக் கால்தான் வேண்டும். போன வாரம் முகத்துவாரத்து அலையில் கால் மடங்கி, படகு குறுக்கே திரும்பிவிட்டது. சுப்பன் மகன் தாவித் துடுப்பைப் பிடித்ததால் பன்னிரண்டு உயிர் தப்பியது. அன்றிலிருந்து இவர் பேசுவதைக் குறைத்துவிட்டார்.

கெவாஸ் என்றால் என்ன? அதை மட்டும் எழுது.

வேலம்மா

*

நாகப்பட்டினம்
ஐப்பசி மாதம் 11

வேலம்மாவுக்கு. இங்கே எல்லாரும் நலம். மழை பிடித்துக்கொண்டது. இந்தக் கடுதாசி எப்போது உன் கைக்கு வருமோ.

நீ எழுதுவித்ததைப் படித்தேன். அண்ணனுக்கு எழுதுகிற கடுதாசியா அது? கடைத்தெருவில் உட்கார்ந்து மூன்றாம் மனிதன் எதிரில் என்னைக் குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறாய். மாப்பிள்ளைக்குத் தண்டல் வேலை வாங்கிக் கொடுத்தது யார்? கோட்டை வைத்தியர் குப்பத்து ஆளைத் தொட்டுப் பார்த்தது யார் சொல்லி?

கெவாஸ் என்றால் விளைச்சல். கேட்டாயே, எழுதிவிட்டேன். நீலச் செடி பார்க்கத் துரைமாரோடு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். வயலைக் கண்டதும் அவர்கள் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். எந்தத் துபாசியை வேண்டுமானாலும் கேள். கோடு போட்டது கட்டு எதுவரை வரவேண்டும் என்று காட்டுவதற்கு.

குணசுந்தரியை என் மகனுக்குக் கேட்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம் பெண்ணைக் கொடுக்க மாட்டோம் என்றீர்கள். அந்த ஆத்திரத்தில் நான் ஏதோ செய்துவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்களா? நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா? அங்காளம்மன் அறிய எனக்கு அந்த எண்ணம் இல்லை.

இனி இதைப் பற்றி எழுதாதே.

கங்காதரன்

*

கோட்டைக்குப்பம்
கார்த்திகை மாதம் 9

கங்காதரனுக்கு வேலம்மா. சுகம் விசாரித்து எழுத வேண்டும் என்று கண்ணப்பன் சொல்கிறார். விசாரித்தேன் என்று வைத்துக்கொள்.

பெண் கேட்ட சங்கதி என் வாயிலும் வரவில்லை, ஊர் வாயிலும் வரவில்லை. நீயே கொண்டுவந்தாய். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் இவரைத் தோணியில் படுக்கவைத்து, நானே கோட்டைக்குப் போனேன்.

வாசலில் தனக்கோடி இருந்தார். இப்போது உடம்பு தேறிவிட்டார். வைத்தியர் எங்களைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னார். தனக்கோடி சொன்னார்:

“இன்னாம்மா, இப்ப வந்து நிக்கிறீங்க? அப்பவே வேணாம்னு சொல்லி அனுப்பினது நீங்கதானேன்னு தொர கேக்குறாரு.”

“இன்னா வேணாம்னு சொன்னோம்?” என்றேன்.

“கால எடுக்க வேணாம்னு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவருக்கும் புரியவில்லை. “யாரு கால?”னு இவர் கேட்டார்.

வைத்தியர் உள்ளே போய்ப் பெரிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். தனக்கோடி அதைப் பார்த்துப் படித்தார். “தண்டல் தேசப்பன், வலது கால். மழைக்கு முன்னால் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டும் என்று வைகாசியில் சொல்லப்பட்டது. ஆனி பதினெட்டாம் தேதி துபாசி கங்காதரனிடம் மறுபடியும் கேட்கப்பட்டது. நோயாளி மறுத்துவிட்டான் என்று துபாசி பதில் சொன்னான்.”

நான் தனக்கோடியிடம் கெவாஸ் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் வைத்தியரைக் கேட்டார். வைத்தியர் ஜன்னல் வழியாகப் புல்லைக் காட்டினார், பிறகு இவர் காலைக் காட்டினார். தனக்கோடி சொன்னார்:

“வயல்ல வெளையறதுக்கும் அந்தச் சொல்லுதாம்மா. ஒடம்புல வேண்டாத எடத்துல, நிறுத்தாம சதை வளந்தா அதுக்கும் அதே சொல்லுதான். எங்க நின்னு சொல்றாங்கன்னு பாத்துத்தான் அர்த்தம் எடுக்கணும். புண்ணு ஆறி வர்ற சதைய இவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. அதுக்கு வேற சொல்லு இருக்குது.”

“அப்ப அங்கமுத்து சொன்ன புத்து?”

“அதான் இது.”

அப்படியானால் இப்போது எடுத்துவிடுங்கள் என்று இவர்தான் சொன்னார். வைத்தியர் இவர் தொடை இடுக்கில் கைவைத்து அழுத்திப் பார்த்தார். நெல்லிக்காய் மாதிரி மூன்று உருண்டை. எனக்கு அதுவரை தெரியாது, இவர் சொல்லவில்லை. வைத்தியர் கையை எடுத்துவிட்டு, இனி பயனில்லை என்று தலையை ஆட்டினார். அதற்குத் துபாசி தேவைப்படவில்லை.

வைகாசியில் நீ சொன்னது தெரியாமல் சொன்னது என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனி பதினெட்டாம் தேதி நாங்கள் எங்கே மறுத்தோம்? யாரிடம் மறுத்தோம்?

தேசப்பன் மனைவி
வேலம்மா

*

கோட்டைக்குப்பம்
மார்கழி மாதம் 26

கங்காதரனுக்கு. நாற்பத்தைந்து நாளுக்கு மேல் ஆகிறது. மழைக்கு வழி அடைத்திருக்கும் என்று கண்ணப்பன் உனக்காகச் சொன்னார். அஞ்சல்காரர் இரண்டு தரம் வந்து போய்விட்டார். கோட்டைக் கடுதாசிகள் எல்லாம் நனையாமல் வந்தன. உன்னுடையது மட்டும் இல்லை.

இவர் இப்போது கஞ்சி மட்டும் குடிக்கிறார். அங்கமுத்து வைத்தியர் வீட்டுக்கு நானே போய், வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு வந்தார். வலிக்கு மருந்து கொடுக்கிறார். வேறு எதற்கும் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

ஆனி பதினெட்டு.

வேலம்மா

*

நாகப்பட்டினம்
தை மாதம் 12

மாப்பிள்ளை தேசப்பன் அவர்களுக்கும் தங்கை வேலம்மாவுக்கும் கங்காதரன் எழுதுவது. சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு கடுதாசி எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

எனக்கு அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு அர்த்தம் இருப்பது தெரியாது. கிடங்குப் பாஷைதான் எனக்குத் தெரியும். துணி, நீலம், உப்பு, எடை, கப்பல். உடம்பைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. அன்று வைத்தியர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நீங்கள் இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். விளைச்சல் என்ற ஒரு சொல் பிடிபட்டது. அதை வைத்து மற்றதை நானே கட்டிவிட்டேன்.

ஆனி பதினெட்டாம் தேதி வைத்தியர் கிடங்கு வாசலில் என்னை நிறுத்தினார். அந்தத் தண்டல் எப்போது வருகிறான், மழைக்கு முன்னால் காலை எடுக்க வேண்டும் என்றேனே என்று கேட்டார். கத்தியை வைத்து அறுப்பது போலக் கையால் காட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாகப்பட்டினத்துக்கு மாற்றல் உத்தரவு அன்று காலைதான் என் கைக்கு வந்திருந்தது. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் அந்த உத்தரவும் போகும், வேலையும் போகும். மறுத்துவிட்டார் என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் உங்களிடம் சொல்லிவிடலாம் என்று குப்பத்துக்கு வந்தேன். மாப்பிள்ளை படகடியில் நின்று, காலைத் தட்டிக் காட்டி சுப்பனிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் திரும்பிவிட்டேன். நாலு நாளில் புறப்பட்டும் விட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நான் உள்ளதைச் சொல்லியிருந்தாலும் மாப்பிள்ளை காலைக் கொடுத்திருக்க மாட்டார். முகத்துவாரத்து அலையில் நிமிர்ந்து நிற்கிற மனிதர். அப்படிப்பட்டவர் ஒற்றைக் காலோடு கரையில் உட்காருவாரா? அவர் மனம் எனக்குத் தெரியும். மறுத்துத்தான் இருப்பார். அதை நான் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அப்படி நினைத்துத்தான் இத்தனை நாள் தூங்கினேன்.

கங்காதரன்

*

கோட்டைக்குப்பம்
மாசி மாதம் 4

மச்சானுக்குத் தேசப்பன் சொல்லி எழுதுவது. கண்ணப்பன் வீட்டுக்கே வந்து எழுதுகிறார். வேலம்மா வெளியே இருக்கிறாள். என்ன எழுதுகிறேன் என்று அவளுக்குச் சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடுதாசியைக் கண்ணப்பன் இரண்டு தரம் படித்துக் காட்டினார். பாஷை தெரியாமல் சொன்னீர்கள். அது எனக்கு விளங்குகிறது. நானும் தெரியாத ஆழத்தில் தெரிந்த மாதிரி படகை விட்டிருக்கிறேன். பயத்தில் பொய் சொன்னீர்கள். அதுவும் விளங்குகிறது.

என் மனம் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது விளங்கவில்லை.

நான் காலைக் கொடுத்திருப்பேன் மச்சான். சுப்பனுக்கு இடது கால் இல்லை. நங்கூரக் கயிறு சுற்றி அறுத்துக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போக முடியாது என்றதும் ஏரிக்குத் திரும்பினான். சின்னத் தோணியில் உட்கார்ந்தபடியே இறால் பிடிக்கிறான். மகனுக்குக் கலியாணம் செய்து பார்த்தான். வெயில் சாய்ந்ததும் ஏரிக்கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லாரையும் வைகிறான். நான் அவனைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அன்று படகடியில் அவனோடு சிரித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இன்னும் பத்தடி நடந்து வந்து என்னைக் கேட்டிருந்தால், அவனையே காட்டிச் சரி என்று சொல்லியிருப்பேன்.

நைனா இறந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. அன்றிலிருந்து எது கேட்டாலும் நான்தான் யோசித்துப் பதில் சொல்லிவந்திருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

அந்தப் புத்தகத்தில் தேசப்பன் மறுத்தான் என்று இருக்கிறது. அது எனக்கு வேண்டாம். மாற்றச் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

தேசப்பன்

*

நாகப்பட்டினம்
மாசி மாதம் 29

மாப்பிள்ளை அவர்களுக்குக் கங்காதரன் வணங்கி எழுதுவது. இந்தக் கடுதாசி உங்களை நல்ல நிலையில் வந்து பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரியும் வேண்டிக்கொள்கிறாள்.

நீங்கள் சொன்னபடி செய்துவிட்டேன். முந்தாநாள் கிடங்குப் பெரிய துரை முன் போய் நின்று, பழவேற்காட்டில் நான் தப்பாகச் சொன்னதையும், பிறகு பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. எந்தச் சொல் என்று கேட்டார். சொன்னேன். பிறகு, சரக்குப் பேரத்தில் இதுவரை என்னென்ன தப்பாகச் சொன்னாய் என்று கேட்டார். அவருக்கு அதுதான் கவலை. வேலை போயிற்று. புத்தகத்தைத் திருத்தச் சொல்லிப் பழவேற்காட்டு வைத்தியருக்கு என் கண் எதிரிலேயே எழுதி அனுப்பினார்.

இந்த ஊரில் எனக்கு இனி யாரும் இல்லை. சித்திரை கடைசியில் குடும்பத்தோடு குப்பத்துக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். கட்டு மாற்ற வேண்டும் என்றாலும் செய்கிறேன். வேலம்மா என்னை வாசலில் சேர்க்க மாட்டாள். நீங்கள் ஒரு சொல் சொன்னால் சேர்ப்பாள்.

உங்கள் மச்சான்
கங்காதரன்

*

கோட்டைக்குப்பம்
விக்ருதி வருடம், சித்திரை மாதம் 11

கங்காதரனுக்கு.

அவர் பங்குனி இரண்டாம் தேதி விடியும் நேரத்தில் போய்விட்டார். உன் கடுதாசி ஒன்பதாம் தேதி வந்தது. அதனால் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உன்னைப் போல அவர் சார்பில் நான் எதையும் சொல்லப் போவதுமில்லை.

அவர் உனக்கு என்ன எழுதுவித்தார் என்பது காரியம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். கண்ணப்பனைக் கேட்டேன், சொன்னார். காலைக் கொடுத்திருப்பேன் என்று அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் நான் உன்னை என்ன செய்துவிடுவேனோ என்று பயந்திருப்பார்.

பதினாறாம் நாள் முடிந்து கோட்டைக்குப் போனேன். தனக்கோடி புத்தகத்தைத் திறந்து காட்டினார். மறுத்தான் என்ற சொல்லின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் வேறு மை கொண்டு எழுதியிருந்தது. “தேசப்பனிடம் கேட்கப்படவில்லை” என்று படித்தார். எனக்கு எழுத்துத் தெரியாது. அந்த இடத்தில் விரலை வைத்து இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். அதே மாதிரிதான் படித்தார்.

நேற்று அங்கமுத்து வைத்தியர் மகள் முனியம்மாளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் போனேன். அவளுக்குத் தாடைக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவு புடைத்திருக்கிறது. அங்கமுத்து தொட்டுப் பார்த்தார். சொந்த மகள் என்றதும் அவருக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. “நீ வாம்மா, உனக்குத்தான் கேக்கத் தெரியும்”னு என்னைக் கூப்பிட்டார். கோட்டை வைத்தியர் அழுத்திப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். தனக்கோடி வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் கையைக் காட்டி நிறுத்தினேன். வைத்தியர் முகத்தைப் பார்த்து, “கெவாஸ்?” என்று நானே கேட்டேன்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இல்லை என்று தலையை ஆட்டி, பிறகு தனக்கோடியிடம் மெதுவாகச் சொன்னார். கெவாஸ் என்றால் எல்லாமே கெட்டது என்று பயப்பட வேண்டாமாம். அந்தச் சொல்லிலேயே சும்மா கிடக்கிறது உண்டு, தின்கிறது உண்டு. தள்ளினால் நகர்கிறதா, அடியில் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். முனியம்மாளுடையது நகர்கிறது. வெறும் கழலை, விட்டுவிடலாம் என்றார். நகர்கிறதை என் விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நகர்ந்தது. முனியம்மாள் படி இறங்கும்போது அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

அவர் காலை அப்படித் தள்ளிப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

குப்பத்துக்கு வரலாம் என்று எழுதியிருக்கிறாய். வராதே. தெரு பொது, கரை பொது, வந்தால் உன்னை யாரும் தடுக்க முடியாது. ஆனால் நான் உன்னோடு பேச மாட்டேன், குணசுந்தரியும் பேச மாட்டாள். சலங்கில் இருக்கிற பன்னிரண்டு பேர் வீட்டிலும் உனக்குத் தண்ணீர் கிடைக்காது. இதை நான் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களே வந்து சொன்னார்கள்.

வேலையை விட்டு உண்மையைச் சொன்னாய் என்பது எனக்குத் தெரிகிறது. அதற்காக உன்னைச் சபிப்பதை நிறுத்தினேன். அவ்வளவுதான் முடிந்தது.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்தால் கண்ணப்பன் பிரிக்காமல் திருப்பி அனுப்புவார்.

அண்ணியையும் பிள்ளைகளையும் சுகம் கேட்டேன் என்று சொல்லவும்.

தேசப்பன் மனைவி
வேலம்மா